ஆலைக்கு ஒரு காஸ் விலை, பேக்கரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: ஏன் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை?

மொபேனி_ஓவன் (கேள்வி)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் மொபேனியில் உள்ள ஒரு பேக்கரியின் கணக்குவழக்கு என் பொறுப்பு. டன்னல் ஓவன் குழாய் காஸில் ஓடுகிறது, மாதம் சுமார் 260 கிகாஜூல் (பில் போடும் வெப்ப அலகு). சாட்ஸ்வொர்த் கடைக்கு 48 கிலோ சிலிண்டர். வீட்டில் 9 கிலோ. ஜெர்மிஸ்டனில் மைத்துனர் ஒரு கண்ணாடி ஆலைக்குக் கொள்முதல் பார்க்கிறார். ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) சித்தி வீட்டுக்குக் குழாய் இணைப்பு உண்டு.

எல்லோர் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆலையின் விலை சரசரவென்று ஏறி, பிறகு இறங்குகிறது. எங்களுடையது ஏறும்போது ஏறுகிறது, இறங்கும்போது அவ்வளவாக இறங்குவதில்லை. சித்தியின் பில்லில் கிகாஜூலுக்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால் கோடையில்தான் அதிகம் வருகிறது. சிலிண்டரோ மாதாமாதம் மாறுகிறது.

இது நியாயமான வித்தியாசமா, இல்லை எங்கோ கூடுதலாகக் கட்டுகிறோமா? பில்லில் எதைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது?

குழாய்க்கணக்கு

முதலில், நீங்கள் எல்லோரும் வாங்குவது ஒரே பொருள் இல்லை. மொசாம்பிக்கின் பாண்டே, தெமானே வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் ரோம்ப்கோ குழாய் வழியாக 2004 முதல், சாசோல் நிறுவனத்தின் ஆலை இருக்கும் செக்குண்டாவுக்கு வருவது இயற்கை எரிவாயு. ஜெர்மிஸ்டன் ஆலைக்கும் ஜோபர்க் சித்திக்கும் போவது அது. டர்பன் இருக்கும் குவாசூலு-நடாலுக்கு, அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் லில்லி குழாயில் வருவது செக்குண்டா ஆலையில் பிரித்தெடுக்கும் மீத்தேன் மிகுந்த வாயு. கன மீட்டருக்கு வெப்பம் கொஞ்சம் குறைவு. பில் கிகாஜூலில் வருவதால் அதனால் மட்டும் நஷ்டமில்லை. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன், அதாவது எல்பிஜி. அதன் விலை வரும் வழி வேறு, வழக்கமும் வேறு.

இப்போது குழாய் காஸ் பில்லைப் பிரித்துப் பாருங்கள். வாயுவின் விலை ஒன்று. பிரதான குழாயில் கொண்டுவரும் கூலி, ஊருக்குள் பகிரும் கூலி, வியாபாரியின் லாபப்பங்கு, ஒழுங்குமுறை ஆணையமான நெர்சாவுக்கான வரி, கடைசியில் 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி). உலகச் சந்தையோடும் டாலரோடும் ஆடுவது முதலில் சொன்ன வாயு விலையும், சதவீதமாக அதோடு சேரும் வாட்டும் மட்டும். மற்றவை ஆடாது, ஆண்டுக்கு ஒருமுறை பணவீக்கத்தோடு மேலே போகும், அவ்வளவே.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (இவை உண்மை விலைகள் அல்ல). வாயு 150 ராண்ட் இருவருக்கும் ஒன்று. உங்களுக்கு மற்றவை 100, ஆலைக்கு 25. நீங்கள் 250 கட்டுகிறீர்கள், ஆலை 175. வாயு விலை 30 ராண்ட் இறங்கினால் ஆலைக்கு 17% குறையும், உங்களுக்கு 12%. வாயு விலை இரட்டித்தால் ஆலைக்கு 86% ஏறும், உங்களுக்கு 60%. பெரியவருக்கு மலிவு, ஆனால் காற்றடித்தால் முதலில் ஆடுவதும் அவர்தான். உங்கள் மைத்துனர் பில்லில் பார்ப்பது இதைத்தான்.

வேறு நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2022-ல் ஆயிரம் கன அடிக்கு வீடுகள் சராசரியாக 15 டாலருக்குச் சற்றுக் கீழே கட்டின, ஆலைகள் 8 டாலருக்கும் கீழே. அடுத்த ஆண்டு ஹென்றி ஹப் (அங்கத்திய சந்தையின் அளவுகோல்) விலை சரிந்தபோது ஆலைகளின் விலை 5 டாலருக்கும் கீழே போனது. வீட்டு விலை இறங்கவேயில்லை. அங்கே விநியோக நிறுவனங்கள் வாங்கின விலையை ஆணையத்தின் ஒப்புதலோடு தாமதித்து வசூலிக்கின்றன. 2022-ன் விலையை வீடுகள் 2023-லும் கட்டிக்கொண்டிருந்தன.

சித்தியின் கோடைக் கணக்கும் புதிர் இல்லை. மாதக் கட்டணம் நிலையானது. குளிர்காலத்தில் ஹீட்டர், கீசர் என்று 5 கிகாஜூல் எரித்தால் அந்தக் கட்டணம் ஐந்தாகப் பிரியும். கோடையில் 1 கிகாஜூல்தான் என்றால் மொத்தமும் அதன் தலையில் விழும். மொத்த பில்லை அளவால் வகுக்காமல், நிலைக்கட்டணத்தைக் கழித்துவிட்டு வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு பருவத்துக்கும் ஒரே விலை வரவேண்டும். வராவிட்டால் அப்போது கேள்வி கேட்கலாம்.

ஹைவெல்ட்_வாசகன்

மேலே சொன்னது சரி. ஆனால் "வாயு விலை இருவருக்கும் ஒன்று" என்பதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. அது தெரியாமல் பழைய பில்களை ஒப்பிட்டால் குழம்பிப்போவீர்கள்.

2014 மார்ச் வரை இங்கே விலை வைத்த முறை வேறு. காஸ் இல்லாவிட்டால் நீங்கள் எதை எரிப்பீர்கள், அதற்கு என்ன செலவாகும் என்று பார்த்து அதையொட்டி விலை வைத்தார்கள். மாற்று டீசல் என்றால் ஒரு விலை, நிலக்கரி என்றால் வேறு விலை. ஒரே தெருவில் இருவருக்கு இரு விலை வந்ததற்குக் காரணம் அது. மொசாம்பிக் வாயுவுக்குக் கொடுத்திருந்த பத்தாண்டுச் சலுகைக்காலம் முடிந்ததும், 2013-ல் நெர்சா ஒப்புதல் கொடுத்த உச்ச விலை நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி, டீசல், மின்சாரம், உலை எண்ணெய், எல்பிஜி ஆகியவற்றின் விலைகளைக் கூடையாகச் சேர்த்துக் கணக்கிட்ட விலை அது. மின்சாரக் கட்டணம் ஏற ஏற அந்தக் கூடையும் ஏறும் என்பதுதான் அதன் கோளாறு. வாயுவை எடுக்க என்ன செலவு என்பதே அதில் வரவில்லை. பெரிய வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 ஜூலையில் நெர்சாவின் அந்த முடிவை ரத்து செய்தது.

அதன்பிறகு 2020-ல் வந்த முறை உலகச் சந்தை விலைகளைப் பார்த்தது. இரண்டே ஆண்டில் உக்ரைன் போர். ஐரோப்பாவின் டிடிஎஃப் சந்தை 2022 ஆகஸ்டில் மெகாவாட்-மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. மொசாம்பிக்கிலிருந்து குழாயில் வரும் வாயுவுக்கும் ஐரோப்பாவின் குளிர்காலப் பயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த எண் சூத்திரத்துக்குள் இருந்தால் அது ஜெர்மிஸ்டன் ஆலையின் பில்லில் வந்து நிற்கும். இது என் கருத்து: செலவோடு ஒட்டாத எந்த அளவுகோலும், நல்ல காலத்தில் நியாயமாகத் தெரிந்து கெட்ட காலத்தில் கழுத்தை நெரிக்கும்.

அதனால் ஒப்பந்தத்தில் தேட வேண்டியது இன்றைய விலை அல்ல, விலை மாற்றும் பிரிவு. எந்தக் குறியீடு, எத்தனை மாதச் சராசரி, எந்தத் தேதியின் ராண்ட்-டாலர் மாற்று, காலாண்டுக்கு ஒருமுறையா ஆண்டுக்கு ஒருமுறையா. இந்த நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால் பில் சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

மொபேனி_ஓவன்

நன்றி, நிறையத் தெளிந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் "இரண்டாம் வகுப்பு" என்று போட்டிருக்கிறது. இரண்டாவது ஓவன் போட்டால் ஆண்டுக்கு 4,000 கிகாஜூலைத் தாண்டும். அப்படியானால் மூன்றாம் வகுப்பு விலை தானாகக் கிடைத்துவிடுமா?

குழாய்க்கணக்கு

வகுப்புகள் பத்துப் பத்து மடங்காகப் போகும். ஆண்டுக்கு 400 கிகாஜூல் வரை முதல் வகுப்பு, 4,000 வரை இரண்டு, 40,000 வரை மூன்று, 4 லட்சம் வரை நான்கு, 40 லட்சம் வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. உங்கள் 260-ஐ 12-ஆல் பெருக்கினால் 3,120. இரண்டாம் வகுப்பின் மேல்பாதி. வகுப்பு ஏற ஏற வியாபாரியின் பங்கு குறையும்.

தானாகக் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பல ஒப்பந்தங்களில் வகுப்பைத் தீர்மானிப்பது எரித்த அளவு அல்ல, எழுதிக்கொடுத்த ஆண்டு அளவு. அதை உயர்த்தக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் "டேக் ஆர் பே" பிரிவைப் படியுங்கள். எழுதிக்கொடுத்தது 4,200, கட்டாயப் பங்கு 80% என்றால் 3,360 கிகாஜூலுக்குக் கட்டியே தீர வேண்டும். ஓவன் வந்து சேர ஆறு மாதம் தாமதமாகி 3,120-தான் எரித்தீர்கள் என்றால், எரிக்காத 240-க்கும் பில் வரும். வகுப்பு மாறியதில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஓவன் பொருத்தி, சோதித்து, இரண்டு மாத மீட்டர் அளவு கையில் வந்த பிறகு அளவை உயர்த்துவது நல்லது. கட்டிய, எரிக்காத வாயுவை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ள உரிமை உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதில் பதில் உண்டு. 2001-ன் காஸ் சட்டம், பிரிவு 22: வாடிக்கையாளர்களுக்கிடையே விலையில் பாகுபாடு கூடாது, அளவு, குழாய்த் தூரம், ஒப்பந்தக் காலம், எரிக்கும் பாங்கு, இடையில் நிறுத்தக்கூடிய சப்ளையா என்பவை போல எடுத்துக்காட்டக்கூடிய வித்தியாசம் இருந்தால் மட்டும் விலை மாறலாம். ஆகவே மைத்துனருக்கு மலிவு என்பது முறைகேடு ஆகாது. பக்கத்துக் காம்பவுண்டில் அதே அளவு, அதே கால ஒப்பந்தம் உள்ளவருக்கு மலிவு என்றால், அதை எழுத்தில் விளக்கக் கேட்கலாம். விளக்கம் வராவிட்டால் நெர்சாவில் புகார் கொடுக்கலாம்.

அழுத்தமானி

எல்லோரும் விலையையே பேசுகிறீர்கள். அளவு தப்பாக இருந்தால் விலை சரியாக இருந்தும் பயனில்லை. பேக்கரி அளவில் இங்கேதான் பணம் ஒழுகுவதைப் பார்க்கலாம்.

மீட்டர் காட்டுவது அந்த இடத்து அழுத்தத்தில், அந்த நேரத்து வெப்பத்தில் ஓடிய கன மீட்டர். பில்லுக்கு அதை 101.325 கிலோபாஸ்கல், 15 டிகிரி நிலைக்கு மாற்ற வேண்டும். உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். மீட்டர் ஒரு மாதத்தில் 4,000 கன மீட்டர் ஓடியது, மீட்டரில் 100 கிலோபாஸ்கல் கேஜ் அழுத்தம் (காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது), வாயு வெப்பம் 25 டிகிரி.

அழுத்தக் காரணி: கேஜோடு காற்றழுத்தத்தையும் கூட்டி 101.325-ஆல் வகுக்க 1.987. வெப்பக் காரணி: 288.15-ஐ 298.15-ஆல் வகுக்க 0.966. இரண்டையும் பெருக்கினால் 1.92. 4,000 கன மீட்டர் 7,680 ஆகிறது. பில்லில் போட்டிருக்கும் வெப்ப மதிப்பு கன மீட்டருக்கு 34 மெகாஜூல் என்றால் 261 கிகாஜூல். உங்கள் மாத அளவோடு ஒத்துவருகிறது பாருங்கள். (இந்த அழுத்தத்தில் வாயுவின் சுருக்கக் காரணி சொற்பம், விட்டுவிட்டேன்.)

தவறு வரும் இடம் இரண்டு. சிறிய இணைப்புகளில், இந்த மாற்றத்தைத் தானே செய்யும் எலக்ட்ரானிக் கரெக்டர் இருக்காது. பில் போடும் இடத்தில் நிலையான ஒரு காரணியைப் பெருக்கிவிடுவார்கள். அந்தக் காரணி 15 டிகிரி என்று எண்ணிப் போட்டதாக இருந்து, டர்பன் வெயிலில் தரைக்கு மேல் ஓடும் குழாயில் வாயு 35 டிகிரியில் வந்தால், எரிக்காத 7%-க்கு நீங்கள் கட்டுகிறீர்கள். மீட்டருக்கு முன் உள்ள வெளிக்குழாய்க்கு நிழல் போடுவது ஒரு தகரம், நாலு போல்ட் வேலை. காரணியை மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதோ ஒரு கடிதம். இரண்டையும் செய்யுங்கள்.

இரண்டாவது, மைத்துனருக்கு. ஜெர்மிஸ்டன் இருக்கும் உயரத்தில் காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவில்தான். கரெக்டரில் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் பதிந்துவிட்டு, கேஜ் சென்சார் பொருத்தியிருந்தால் 183 வரவேண்டிய இடத்தில் 201 வரும். அதே 100 கிலோபாஸ்கல் கேஜில் 10% கூடுதல் பில். முழு அழுத்தம் அளக்கும் சென்சார் என்றால் இந்தப் பிரச்சினை கிடையாது. கரெக்டரின் அமைவுத் தாளை வாங்கி "காற்றழுத்தம்" என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் அழுத்தம் அதிகமான ஆலைகளில் இந்தப் பிழையின் சதவீதம் குறையும், ஆனால் ராண்டில் பார்த்தால் பெரிய தொகை.

சிலிண்டர்_சங்கதி

சாட்ஸ்வொர்த் கடைக்கும் வீட்டுக்கும் நான் சொல்கிறேன் அண்ணா.

வீட்டு எல்பிஜிக்கு அரசு 2010 முதல் சில்லறை உச்ச விலை வைக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். மண்டலத்துக்கு மண்டலம் வேறு. கடற்கரை ஊர்களுக்கு மலிவு, உள்நாட்டுக்குப் போகப் போகக் கொண்டுசெல்லும் கூலி சேரும். டாலர் மாற்று விகிதமும் உலக எல்பிஜி விலையும் அதிலேயே வந்துவிடுவதால் ஏற்றமும் இறக்கமும் உடனுக்குடன் தெரியும். புதிய விலை சில நாள் முன்பே வெளியாகும். ஏறப்போகிறது என்றால் செவ்வாயன்று நிரப்புங்கள், இறங்கப்போகிறது என்றால் வியாழன் வரை பொறுங்கள். அந்த உச்ச விலை வீடுகளுக்கானது. கடையின் 48 கிலோவுக்கு விலை பேசித்தான் வாங்க வேண்டும். கிலோ விலை உங்கள் வீட்டு 9 கிலோவின் கிலோ விலையைத் தாண்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒப்பிட ஒரு சுருக்கு வழி: எல்பிஜி கிலோ விலையை 20.3-ஆல் பெருக்கினால் கிகாஜூல் விலை. கிலோவுக்கு மொத்த வெப்பம் 49.3 மெகாஜூல் என்று வைத்த கணக்கு. கிலோ 38 ராண்ட் என்றால் கிகாஜூல் 771. மின்சாரத்துக்கு யூனிட் விலையை 278-ஆல் பெருக்குங்கள், 2.50 ராண்ட் என்றால் 695.

சிலிண்டரில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று, திரும்பிப் போகும் வாயு. கடையில் வறுவல் அடுப்பு விடாமல் எரியும்போது சிலிண்டர் குளிர்ந்து, அடிப்பக்கம் பனி பூத்து, அழுத்தம் விழுந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள். உள்ளே 4 கிலோ இருக்கும். 48-க்குக் கட்டி 44 எரித்தால் கிலோ விலை 9% ஏறிவிட்டது. அரசும் ஏற்றவில்லை, கடைக்காரரும் ஏற்றவில்லை. வெறும் சிலிண்டரின் எடை கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும். அடுத்த முறை திருப்பிக் கொடுக்கும் முன் தராசில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு சிலிண்டரை ஒரே மேனிஃபோல்டில் (இணைப்புக் குழாய்) சேர்த்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்தால் இழுப்பு பாதியாகும், பனி பிடிக்காது. வேலையைப் பதிவுபெற்ற காஸ் பொருத்துநரிடம் கொடுத்து, இணக்கச் சான்றிதழை வாங்கி வையுங்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

மொபேனி_ஓவன்

தராசு யோசனை நாளைக்கே செய்யக்கூடியது, நன்றி தம்பி. கடைசியாக ஒன்று: மொசாம்பிக் வாயு தீரப்போகிறது என்கிறார்களே, மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடலாமா?

ஹைவெல்ட்_வாசகன்

பாண்டே, தெமானே வயல்கள் இளைத்து வருகின்றன. ஆலைகளுக்கான சப்ளை 2026 நடுவில் நிற்கும் என்றார்கள், பிறகு 2027 நடுவுக்கு நகர்ந்தது. அதன்பின் ஓராண்டு, 2028 நடுவரை, மீத்தேன் மிகுந்த வாயுவைக் கொண்டு (உங்கள் குழாயில் வருவதும் அந்த வகைதான்) இட்டு நிரப்புவதாக சாசோல் அறிவித்தது. அதற்கப்புறம் மொசாம்பிக்கின் மட்டோலாவிலோ இங்கே ரிச்சர்ட்ஸ் பேயிலோ கப்பலில் இறக்கும் எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) என்பதுதான் பேச்சு.

எல்என்ஜி வந்தால் விலையின் சுபாவமே மாறும். வழக்கமான நீண்டகால ஒப்பந்தத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் விலையில் இத்தனை சதவீதம் என்று விலை வைப்பார்கள். உதாரணமாக 12%, பிரென்ட் 70 டாலர் என்றால் பத்து லட்சம் பிடியூவுக்கு (இன்னொரு வெப்ப அலகு) 8.40 டாலர். அதை 1.055-ஆல் வகுத்தால் கிகாஜூலுக்கு 7.96 டாலர், டாலருக்கு 18 ராண்ட் என்றால் 143 ராண்ட். இது கப்பல் துறைமுகம் வரும்போது. அதை மீண்டும் வாயுவாக்கும் செலவு, குழாய்க்கூலி, வியாபாரி பங்கு, வாட் எல்லாம் இதன் மேல். எண்ணெய் 100 டாலருக்குப் போனால் அந்த 143 ராண்ட் 205 ஆகும். பெரும்பாலும் மூன்று மாதச் சராசரி போடுவார்கள், எனவே பெட்ரோல் ஏறிய செய்தி வந்த ஒரு காலாண்டுக்குள் உங்கள் பில்லிலும் தெரியும்.

ஆகவே மூன்று ஆண்டு போடலாம், ஆனால் இரண்டு வாசகம் இல்லாமல் போடாதீர்கள். வாயுவின் மூலம் மாறினால் ஒப்பந்தத்தை அபராதமின்றி முடித்துக்கொள்ளும் உரிமை ஒன்று. சப்ளையர் பக்கமே அளவு குறைந்தால் "டேக் ஆர் பே" அளவும் அதே விகிதத்தில் குறையும் என்பது மற்றொன்று.

மைத்துனர் ஆலையின் உலைகள் மொத்தமாக 10 மெகாவாட் வெப்பத் திறனைத் தாண்டினால் கார்பன் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிகாஜூலுக்கு 56.1 கிலோ கார்பன் டைஆக்சைடு. 2025-ல் விலை டன்னுக்கு 236 ராண்டாக இருந்தது. 60% அடிப்படைக் கழிவுக்குப் பின் கிகாஜூலுக்கு சுமார் 5.30 ராண்ட் வந்தது. அது காஸ் பில்லில் வராது, தனியாகக் கட்டுவது. உங்கள் பேக்கரி அந்த அளவுக்கு வெகு கீழே.

அழுத்தமானி

ஒப்பந்தத்தோடு பர்னரையும் யோசியுங்கள். மீத்தேன் மிகுந்த வாயுவுக்குச் சரிசெய்த பர்னரில் எல்என்ஜியிலிருந்து வரும் வாயு போனால், அதே துளையில் அதே அழுத்தத்தில் அதிக வெப்பம் பாயும். காற்று போதாமல் மஞ்சள் சுடர், புகைக்கரி, கார்பன் மோனாக்சைடு. டன்னல் ஓவனில் ரொட்டியின் மேல்தோல் முதலில் கருகிக் காட்டிக்கொடுக்கும். மாற்றம் நடக்கும் வாரத்தில் ஓவனின் ஒவ்வொரு மண்டலத்தின் புகைபோக்கியிலும் ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் அளந்து, காற்றைத் திருத்தி, தேவைப்பட்டால் இன்ஜெக்டரை (வாயு பாயும் துளை) சிறிதாக்க வேண்டும். எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பார்கள், அந்த மறுசரிப்பின் செலவு யாருடையது, இவ்விரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

அவசரத்துக்குச் சிலிண்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மாதம் 260 கிகாஜூல் என்பது 5,278 கிலோ எல்பிஜி. 48 கிலோவில் 110 சிலிண்டர். அதற்கு மொத்த டேங்கும், திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசரும் வேண்டும், டேங்குக்கு நகராட்சித் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும், மனையின் எல்லையிலிருந்து விதித்த இடைவெளி விட வேண்டும். மொபேனியில் உங்கள் காம்பவுண்டில் அந்த இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள்.